நீர்த்தொட்டி மேல் நிற்பவன்

என் கணவர் ராஜ்கமலுக்குத் தலைதீபாவளிக்கு மோதிரம் வேண்டாமாம். வாட்சும் வேண்டாமாம். கேம் கன்சோல் வேண்டுமாம், அதுவும் புத்தம் புதுசு. கடலூரில் எங்கள் வீட்டு டிவிக்குக் கீழே ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. கறுப்பாக, தட்டையாக, அரை மணி நேரம் ஓடினால் மாவு மில் மாதிரி இரைகிற பெட்டி. கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அவரோடு இருப்பதால் அதற்கு என்னைவிட சீனியாரிட்டி அதிகம்.

நான் சிதம்பரத்துக்குப் போன் போட்டு அப்பாவிடம் சொன்னேன். அப்பா சுப்பராயலு பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். கண்ணால் பார்க்காத எதையும் நம்பாத ஜென்மம்.

“பழசுல ஓடற அதே ஆட்டம்தான் புதுசுலயும் ஓடுமா?”

“ஆமாம்ப்பா.”

“அப்பறம் எதுக்குப் புதுசு?”

“படம் தெளிவா இருக்குமாம்.”

“மாப்ளய ஞாயித்துக்கிழமை ரெண்டு பெட்டியயும் வச்சி ஓட்டிக் காட்டச் சொல்லு. வித்தியாசம் என் கண்ணுக்குத் தெரிஞ்சா வாங்கித் தர்றேன்.”

இது ஏதோ விளையாட்டுப் பிள்ளையின் ஆசை என்றுதான் முதலில் நானும் நினைத்தேன். விஷயம் வேறு. ராஜ்கமலோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் மூன்று பேர். நெய்னா பரங்கிப்பேட்டைக்காரர், இப்போது ஷார்ஜாவில் ஒரு கிடங்கில் சூப்பர்வைசர். வைத்திலிங்கம் ஓசூரில். சுரேந்தர் எண்ணூர் துறைமுகத்தில். வாரம் தவறாமல் சனிக்கிழமை சாயங்காலம் நாலு பேரும் காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு ஒரு துப்பாக்கிச் சண்டை ஆட்டத்தில் கூடுவார்கள். ஒன்றரை மணி நேரத்தில் சுடுவது பத்து நிமிஷம் இருக்கும். மற்ற நேரமெல்லாம் யாருக்கு மாமனார் வீட்டில் மரியாதை குறைந்தது, யாருக்கு முடி கொட்டுகிறது என்கிற பேச்சுதான்.

அந்த ஆட்டத்தில் முதலில் சாகிறவர் எப்போதும் என் கணவர். துறைமுகம் என்று ஒரு இடம் வரும். அதில் உயரமான ஒரு நீர்த்தொட்டி மேல் எதிராளி ஒருத்தன் ஏறி நிற்பான். இவர் கேட்டைத் தாண்டி நாலு அடி வைப்பதற்குள் அவன் சுட்டுவிடுவான். நெய்னா இரண்டு வாரத்துக்கு முன்னால் வாய்விட்டே சொல்லிவிட்டார்.

“மச்சான், உன்ன வச்சிக்கிட்டு ரெண்டாவது ரவுண்டத் தாண்ட முடியல. நாங்க மூணு பேரும் புதுப் பெட்டிக்கு மாறிட்டோம். நீயும் தீபாவளிக்குள்ள மாறு. இல்லன்னா எங்க ஆபீசுல ஒருத்தர் கேட்டுக்கிட்டே இருக்காரு, அவரச் சேத்துக்கறோம்டா.”

இவர் “சரிடா, சரிடா” என்று சிரித்துக்கொண்டே பெட்டியை அணைத்தார். பிறகு சாப்பிட உட்கார்ந்து தோசையைக் கிள்ளிக்கொண்டே இருந்தார். என்ன என்று கேட்டேன்.

“அவுங்கள வேற எங்கடி நான் பாப்பேன்?” என்றார்.

கல்யாணமான நாளிலிருந்து சனிக்கிழமைகளைத் திட்டித் தீர்த்தவள் நான். அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை. பாவமாக இருந்தது.

அதற்கப்புறம் தினமும் படுக்கையில் போனை மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு ஒப்பிட்டுக் காட்டுகிற வீடியோக்களாகப் பார்த்தார். திரைக்கு நடுவில் ஒரு கோடு இருக்கும். இடது பக்கம் பழைய கன்சோல், வலது பக்கம் புதியது. ஒரே சுவர், ஒரே மழை, ஒரே துப்பாக்கி. ஒருத்தர் வெறிபிடித்த மாதிரி நிழல், பிரதிபலிப்பு, துரு என்று விளக்கிக்கொண்டே போவார். ராஜ்கமல் அவ்வளவையும் மனப்பாடம் செய்துவிட்டார்.

“பழசுல தூரத்துல இருக்கறதெல்லாம் துணி போட்டுத் தொடச்ச மாதிரி இருக்கும் இலக்கியா. ஆளுக்கும் தூணுக்கும் வித்தியாசம் தெரியாது. புதுசுல மூஞ்சியே தெரியும்.”

நான் தலையாட்டினேன். நான் யார்? கடலூர் செம்மண்டலத்தில் ஒரு கண் மருத்துவமனையில் ஆப்டோமெட்ரிஸ்ட். ஒரு நாளைக்கு நாற்பது பேருக்குக் கண் பார்த்து பவர் சொல்கிறவள். அதை ஞாபகம் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை பழைய பெட்டியைத் துணிக்கடைப் பையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் சிதம்பரம் போனோம். என் தம்பி பாலகுமார் அவன் நண்பனிடமிருந்து புதிய கன்சோலை ஒரு நாள் இரவல் வாங்கி வைத்திருந்தான். இரண்டையும் ஒரே டிவியில் இணைத்து, இரண்டிலும் அதே துறைமுகத்தில், அதே கேட்டுக்கு எதிரே, எதிராளி யாரும் இல்லாத பயிற்சி ஆட்டத்தில் ஆளை நிறுத்தியிருந்தான். ரிமோட்டை அழுத்தினால் ஒன்று, மறுபடி அழுத்தினால் இரண்டு.

ராஜ்கமல் பழக்கதோஷத்தில் டிவிக்கு முன்னால் தரையில் சம்மணம் போடப் போனார். என் அம்மா ஞானாம்பாள் பதறிவிட்டாள்.

“ஐயய்யோ, மாப்ள தரையில உக்காரக் கூடாது. அக்கம்பக்கத்துல பாத்தா இன்னா நெனைப்பாங்க? சோஃபாவுல உக்காருங்க.”

“பரவால்ல அத்த, இங்கயே…”

“அதெல்லாம் முடியாது.”

எங்கள் வீட்டு சோஃபா கூடத்தின் மறுகோடியில் சுவரோடு ஒட்டிக் கிடக்கும். டிவிக்கும் அதற்கும் பன்னிரண்டு அடி. மாப்பிள்ளை மரியாதையை மீற முடியாமல் அவர் அங்கே போய் உட்கார்ந்தார். பக்கத்தில் அப்பா, கையில் ரிமோட். நான் ஓரமாக ஒரு நாற்காலியில்.

“இது ஒண்ணு,” என்றார் அப்பா. ரிமோட்டைத் தட்டினார். “இது ரெண்டு. எங்க, வித்தியாசத்தச் சொல்லுங்க மாப்ள.”

எனக்கு உடனே சிரிப்பு வந்தது. நான் தினமும் செய்கிற வேலை இதுதான். லென்ஸை மாற்றி மாற்றி வைத்து, இது தெளிவா அது தெளிவா என்று கேட்டுக் கேட்டு வாய் வலித்துப்போகும்.

ராஜ்கமல் மடை திறந்த மாதிரி ஆரம்பித்தார். “பழசுல தண்ணி வெறும் பச்சை மாமா. புதுசுல தண்ணியில கிரேன் நிழல் ஆடும். பழசுல சுவத்துல துரு வரைஞ்ச மாதிரி இருக்கும். இதுல தொட்டா கையில ஒட்டிக்கிற மாதிரி இருக்கு பாருங்க.”

அப்பா மறுபடி அழுத்தினார். ஒன்று. மறுபடி. இரண்டு. மறுபடி. இவர் சளைக்கவில்லை.

“இதோ புதுசு! பாத்தீங்களா மாமா, தண்ணி எப்பிடிப் பளபளன்னு இருக்கு?”

பாலகுமார் மெல்லத் திரும்பினான். “மாமா, ரிமோட்டு வேலை செய்யல. இன்னும் பழசுதான் ஓடுது.”

அப்பா ரிமோட்டைத் தொடையில் தட்டினார். நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கண் பரிசோதனைக்கு வந்து ஊகித்துச் சொல்கிறவர்களை எனக்கு நன்றாகத் தெரியும். லென்ஸ் மாறுவதற்கு முன்னாலேயே அவர்களிடமிருந்து பதில் வந்துவிடும்.

அதற்குள் அப்பா தன் வேலையைக் காட்டினார். போன வருஷம் நான்தான் அவரைக் கூட்டிக்கொண்டு போய் இரண்டு கண்ணுக்கும் புரை ஆபரேஷன் செய்ய வைத்தேன். அன்றிலிருந்து கண்ணில் படுகிற எழுத்தையெல்லாம் வாய்விட்டுப் படிப்பார். அவரோடு பஸ்ஸில் போனால் புவனகிரி வரைக்கும் ஒரு கடைப் பெயர் பாக்கி இல்லாமல் நம் காதில் விழும்.

“கேட் நம்பர் ஏழு,” என்று படித்தார் அப்பா. “அனுமதி இல்லாமல் உள்ளே வராதீர். இங்கிலீஷுல எழுதியிருக்கான்.”

“எங்க மாமா?” என்றார் ராஜ்கமல்.

“அந்தச் சுவத்துல, போர்டுல.”

“அது போர்டு இல்ல மாமா, கறை. நாலு வருஷமா அந்த வழியாத்தான் ஓடறேன், எனக்குத் தெரியாதா? பழசுல கிராஃபிக்ஸ் அவ்ளோதான்.”

“பழசுலதான் மாப்ள படிச்சேன்.”

எனக்குத் தலை சுற்றியது. எழுந்து போய் அலமாரியில் கிடந்த ஒரு கல்யாணப் பத்திரிகையை எடுத்தேன். அம்மாவின் தாலிக்கயிற்றில் தொங்கிய ஊக்கைக் கழற்றி, அட்டையில் ஒரு ஓட்டை போட்டேன்.

“ஒரு கண்ண மூடிக்கிட்டு இது வழியா டிவியப் பாருங்க.”

“எதுக்குடி?”

“பாருங்கன்னா பாருங்க.”

சின்ன ஓட்டை வழியாகப் பார்த்தால் மங்கல் குறைகிறதென்றால் கண்ணுக்குக் கண்ணாடி தேவை என்று அர்த்தம். எங்கள் தொழிலில் முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுப்பது இது. அவர் அட்டையைக் கண்ணில் வைத்தார். வாய் மெல்லத் திறந்தது.

“கேட்… நம்பர்… ஏழு.”

அவர் அட்டையைக் கண்ணிலிருந்து எடுக்காமலே பாலகுமார் பக்கம் தலையைத் திருப்பினார். “டேய் மச்சான், அந்த டேங்க்குல ஏணி இருக்கு!”

“ஆமாம் மாமா. ஏணி மேலதான ஏறுவாங்க?”

“அவனுங்க மேலேர்ந்து குதிச்சி வர்றானுங்கன்னு இல்ல நெனச்சிக்கிட்டு இருந்தேன்!”

பாலகுமார் தரையில் உருண்டு சிரித்தான். அப்பா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார், மாப்பிள்ளை ஆயிற்றே. அம்மாவுக்கு மட்டும் வேறு கவலை.

“அப்ப பொண்ணு பாக்க வந்தன்னிக்கு இன்னாத்தப் பாத்தீங்க மாப்ள?”

“பஜ்ஜி குடுக்கக் கிட்ட வந்தாளே அத்த, அப்பப் பாத்தேன்,” என்றார் இவர். சத்தியம் செய்கிற குரல்.

எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. வெட்கம்தான் வந்தது. ஊரில் இருக்கிற கண்ணையெல்லாம் பார்க்கிறேன், பதினொரு மாதமாக என் மூக்குக்கு முன்னால் இருக்கிற இரண்டு கண்ணைப் பார்க்கவில்லை. அவருக்கு வேலை ஃபிளெக்ஸ் பேனர் வடிவமைப்பது. கிட்டத்தில் வைத்துப் பார்க்கிற வேலை என்பதால் தடங்கல் தெரியவில்லை. ஸ்கூட்டரில் எப்போதும் ‘நீயே ஓட்டு’ என்று பின்னால் ஏறிக்கொள்வார். எவ்வளவு முற்போக்கான புருஷன் என்று மருத்துவமனை முழுக்கத் தம்பட்டம் அடித்திருக்கிறேன். ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்டதற்கு அவர் சொன்னார்: “தூரத்துல இருக்கறது எல்லாருக்கும் அப்பிடித்தான் தெரியும்னு நெனச்சேன் இலக்கியா. தூரம்னா மங்கல்தான?”

அதைக் கேட்டுக் கோபப்படுவதா கட்டிக்கொள்வதா என்று தெரியாமல் அவர் தலையில் லேசாக ஒரு குட்டு வைத்தேன்.

அதன் பிறகு அட்டை ஓட்டை வழியாக, நிதானமாக, மறுபடி ஒன்று, இரண்டு என்று பார்த்தார். இந்தத் தடவை ரிமோட் ஒழுங்காக வேலை செய்தது. சொல்லவேண்டியதைச் சொல்லிவிட வேண்டும், புதிய கன்சோல் உண்மையாகவே அழகுதான். தண்ணீரில் கிரேனின் நிழல் நெளிந்தது. தகரக் கூரையில் விழுகிற மழைத்துளி ஒவ்வொன்றும் தனியாகத் தெறித்தது. பழையதில் மழை வெறும் கோடு. ஆனால் போர்டு இரண்டிலும் இருந்தது, ஏணியும் இரண்டிலும் இருந்தது.

“வித்தியாசம் இருக்கு மாமா,” என்றார் ராஜ்கமல். “ஆனா நான் சொன்ன வித்தியாசம் இல்ல.”

“அப்ப வாங்கட்டுமா வேணாமா?”

அவர் அட்டையைக் கீழே வைத்தார். “இந்தத் தடவ தீபாவளி அன்னிக்கே ஒரு ஆட்டம் வச்சிருக்கோம். இந்தப் பழசுலயே ஆடிப் பாக்கறேன். அப்பவும் மொதல்ல செத்தேன்னா வாங்கித் தாங்க.”

திரும்புகிற பஸ்ஸில் பரங்கிப்பேட்டைப் பிரிவைத் தாண்டியதும் மெதுவாகக் கேட்டார்: “கண்ணாடி போட்டும் மொதல்ல செத்தேன்னு வையி. பெட்டியும் காரணமில்ல, கண்ணும் காரணமில்லன்னு ஆயிடும். அப்பறம் நெய்னாகிட்ட இன்னா சொல்றது?” அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை அவரை மருத்துவமனைக்கு இழுத்துக்கொண்டு போனேன். இரண்டு கண்ணிலும் மைனஸ் இரண்டு. கூடவே, கண்ணின் வளைவுக் கோளாறைச் சரிசெய்கிற சிலிண்டர் பவர். என் டாக்டர் மாலதி சிரித்துச் சிரித்து மூக்கைச் சிந்திக்கொண்டார். சிலிண்டர் பவர் லென்ஸ் சென்னையிலிருந்து வரவேண்டும். பண்டிகை நேரம், தீபாவளி கழித்துத்தான் கிடைக்கும் என்று கண்ணாடிக் கடையில் கையை விரித்துவிட்டார்கள்.

இவர் முகம் சுருங்கியதைப் பார்த்து டாக்டரே ஒரு வழி சொன்னார். பவர் பார்க்கும்போது நோயாளிக்கு மாட்டுகிற டிரையல் ஃப்ரேம் ஒன்றை, அவர் பவருக்கான லென்ஸ்களைச் செருகி, பண்டிகைக்கு என்று இரண்டு நாளைக்கு எடுத்துப் போகச் சொன்னார்.

“ஒடஞ்சுதுன்னா உன்னத்தான் புடிப்பேன் இலக்கியா.”

அந்த டிரையல் ஃப்ரேமைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். வட்டமாக இரண்டு கனத்த இரும்பு வளையம். சுற்றிலும் கடிகாரத்தில் இருக்கிற மாதிரி எண்கள். மூக்கு மேல் ஒரு திருகு, காதோரம் இரண்டு திருகு. அதை மாட்டினால் எவ்வளவு அழகான மனிதரும் கடிகாரம் பழுது பார்க்கிறவர் மாதிரிதான் இருப்பார்.

தலைதீபாவளி சிதம்பரத்தில் அமர்க்களமாக நடந்தது. எண்ணெய்க் குளியல், புதுத்துணி, அம்மாவின் அதிரசம், தம்பியின் ஆயிரம்வாலா எல்லாம் ஆயிற்று. சாயங்காலம் ஐந்து மணிக்குப் புது வேட்டி, பட்டுச்சட்டை, அதற்கு மேல் அந்த இரும்பு ஃப்ரேமோடு என் கணவர் சோஃபாவில் உட்கார்ந்தார். தரையில் உட்காரும் அவசியமே இல்லை. பழைய பெட்டி இரைய ஆரம்பித்தது. பேச்சு எல்லோருக்கும் கேட்கட்டும் என்று பாலகுமார் ஹெட்செட்டைக் கழற்றி ஸ்பீக்கரில் போட்டான். போனில் வீடியோ கால் வேறு.

“யா அல்லா! என்னடா மூஞ்சி இது?” என்றார் நெய்னா. அடுத்த ஐந்து நிமிஷம் மூன்று பேரும் சிரித்துக்கொண்டே இருந்ததில் ஆட்டம் தள்ளிப்போனது.

“புதுப் பெட்டி எங்கடா?”

“வாங்கல. ஆட்டத்த ஆரம்பி.”

துறைமுகம் வந்தது. கேட் நம்பர் ஏழு என்று அப்பா உரக்கப் படித்தார். ராஜ்கமல் கேட்டுக்கு முன்னாலேயே நின்றுவிட்டார்.

“நில்லுங்கடா. டேங்க் ஏணியில ஒருத்தன் ஏறிக்கிட்டு இருக்கான். பாதி ஏறிட்டான்.”

“எங்கடா? எனக்குத் தெரியல,” என்றார் வைத்திலிங்கம்.

“நீ குனி. நான் பாத்துக்கறேன்.”

ஒரே வெடிதான். தெருவில் யாரோ போட்ட பட்டாசு என்று நினைத்து அம்மா ஜன்னல் பக்கம் திரும்பினாள். ஏணியிலிருந்து அவன் விழுந்தான். ஸ்பீக்கரில் மூன்று ஊர்ச் சத்தமும் ஒன்றாக வந்தது.

அப்புறம் அவர் நிறுத்தவில்லை. கிரேனுக்குப் பின்னால் ஒருத்தன், வலது பக்கம் கூரை மேல் இன்னொருத்தன் என்று சொல்லிக்கொண்டே வந்தார். இரண்டாவது ரவுண்டைத் தாண்டினார்கள். மூன்றாவதையும் தாண்டினார்கள். நாலாவதில் முதலில் விழுந்தது சுரேந்தர், பிறகு வைத்திலிங்கம், பிறகு நெய்னா. கடைசியாக என் புருஷன் தனியாக மூன்று பேரோடு மல்லுக்கட்டி, இரண்டு பேரை வீழ்த்திவிட்டு மூன்றாமவனிடம் செத்தார். ஆட்டம் தோல்விதான். ஆனால் கூடத்தில் நாங்கள் போட்ட கூச்சலைக் கேட்டு எதிர்வீட்டில் விளக்கைப் போட்டுப் பார்த்தார்கள்.

“மச்சான்,” என்றார் நெய்னா. “பெட்டி பழசு, ஆளு மட்டும் புதுசாடா? எங்க ஆபீஸ்காரர்கிட்ட நான் இப்ப இன்னா சொல்றது?”

“தீபாவளி வாழ்த்துன்னு சொல்லு.”

“சனிக்கிழமை வந்துடு. லேட்டா வந்தே, ஒதைப்பேன்.”

“வர்றேன்டா,” என்றார் ராஜ்கமல். போனை அணைத்துவிட்டார்.

“அப்ப மோதிரமே போட்டுடலாம்,” என்றார் அப்பா திருப்தியாக. பாலகுமாரும் அம்மாவும் மத்தாப்பு கொளுத்த வாசலுக்குப் போனார்கள். அப்பாவும் பின்னால் போனார், பட்டாசுப் பெட்டியின் மேல் எழுதியிருந்ததைப் படித்துக்கொண்டே.

நான் கூடத்தின் இந்தக் கோடியில், டிவி பக்கத்துச் சுவரில் சாய்ந்து நின்றிருந்தேன். ராஜ்கமல் அந்தக் கோடியில் சோஃபாவில். கண்ணைத் தூக்கி என்னைப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்தது, சிரித்தேன். அவரும் பதிலுக்குச் சிரித்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கல்யாணமாகி இந்தப் பதினொரு மாதத்தில் தூரத்திலிருந்து நான் எத்தனை தடவை அவரைப் பார்த்துச் சிரித்திருப்பேன். பஸ் நிறுத்தத்தில், மருத்துவமனை வாசலில், உறவுக்காரர் வீட்டு விசேஷத்தில் பந்திக்கு அந்தப் பக்கத்திலிருந்து. ஒரு தடவைகூட அவர் பதிலுக்குச் சிரித்ததில்லை. மனுஷனுக்கு என்மேல் அவ்வளவுதான் பிரியம்போல என்று நினைத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் சில ராத்திரிகள் அழுதுகூட இருக்கிறேன்.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அதட்டினேன். “கழட்டுங்க அத. டாக்டரம்மா சாமான், ஒடஞ்சா என்னத்தான் புடிப்பாங்க.”

“இருடி,” என்றார். திருகை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டார். “நீ அங்கயே நில்லு. இன்னொரு தடவ சிரி.”